கல்லுக்குள் யார்? மீன் தொட்டிக்கு அழையாமல் வந்த விருந்தாளிகள்!

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் நியூகீ என்றொரு கடற்கரை ஊர் இருக்கிறது. அங்கே இருக்கும் ப்ளூ ரீஃப் அக்வேரியத்தில் 2009-ம் ஆண்டு ஊழியர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். பவளப்பாறைத் தொட்டியில் இருந்த பவளங்கள் பாதியாக வெட்டுப்பட்டுக் கிடந்தன. மீன்களுக்குக் காயம். யார் செய்கிறார்கள் என்று மட்டும் தெரியவில்லை. இரை வைத்துப் பொறி வைத்தார்கள். காலையில் வந்து பார்த்தால் பொறி பிய்ந்து கிடந்தது. கடைசியில் வேறு வழியில்லாமல் தொட்டியில் இருந்த கற்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்கள். உள்ளே இருந்தது நான்கு அடி நீளமுள்ள ஒரு கடல் புழு!

அது யாரும் வாங்கி விட்ட புழு இல்லை. சின்னஞ்சிறிய குஞ்சாக ஏதோ ஒரு கல்லின் பொந்தில் ஒளிந்து வந்து, தின்று கொழுத்து வளர்ந்திருந்தது. அதற்கு ‘பேரி’ என்று பெயர் வைத்து, தனித் தொட்டி ஒன்றும் கொடுத்தார்கள்.

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் இந்த மாதிரி ஆசாமிகளை ‘ஹிட்ச்ஹைக்கர்’ என்பார்கள். லிஃப்ட் கேட்டு வண்டியில் ஏறுபவர். ஆனால் இவர்கள் லிஃப்ட்கூடக் கேட்பதில்லை. கல்லோடும் பவளத்தோடும் சேர்ந்து வீட்டுக்குள் வந்துவிடுகிறார்கள். பெரிய அக்வேரியத்துக்குத்தான் இந்தத் தலைவலி என்றில்லை. சென்னை மடிப்பாக்கத்தில், இரண்டாவது மாடி ஃப்ளாட் ஒன்றில், சோபாவுக்குப் பக்கத்தில் இருக்கும் நான்கு அடி தொட்டிக்கும் இதே கதைதான்.

அந்தத் தொட்டி மகனுடையது. அவர் வேலை கிடைத்து ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக்குப் போய்விட்டார். தொட்டியைப் பிரித்து விற்றுவிடலாம் என்றுதான் முதலில் பேச்சு. அம்மாதான், “இருக்கட்டும்டா, நான் பாத்துக்கறேன்” என்றார். கருவூல அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. வீடு சுத்த சைவம். இப்போது ஃப்ரீஸரின் மேல் தட்டில் பச்சைப் பட்டாணி, கீழ்த் தட்டில் மூடி போட்ட டப்பாவில் இறால் துண்டு. “அது மீனோட டப்பா” என்று வருகிறவர்களுக்கெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்.

நன்னீர்த் தொட்டி போல இது இல்லை. ஆர்.ஓ தண்ணீரில் அதற்கென்று விற்கும் உப்பைக் கரைத்து, லிட்டருக்கு சுமார் 35 கிராம் கணக்கில் கடலின் உப்புத்தன்மைக்குக் கொண்டுவர வேண்டும். சென்னை வெயிலுக்குத் தண்ணீர் சூடாகாமல், 26 டிகிரி அளவில் நிற்க சில்லர் ஓட வேண்டும். தண்ணீர் ஆவியானால் நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தானே, உப்பு உள்ளேயேதான் இருக்கிறது. இதையெல்லாம் அம்மா ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார். சோறு வடிக்கத் தெரிந்தவருக்கு இது ஒரு வித்தையா?

சிக்கல் கற்களில் வந்தது.

இந்தத் தொட்டிகளின் உயிர் கல்லில்தான் இருக்கிறது. துளை துளையாக இருக்கும் கல்லில் பாக்டீரியாக்கள் குடியேறி, மீனின் கழிவில் இருந்து வரும் அமோனியாவை நைட்ரைட் ஆக்கி, அதை நைட்ரேட் ஆக்கும். அந்தப் பாக்டீரியா ஊறிப் பெருகவே நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். ஆகவே, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் ஊறிய கல் கிடைத்தால் யாரும் விடமாட்டார்கள். பெங்களூருக்கு மாற்றலாகிப் போன ஒருவர் தன் தொட்டியைக் கலைத்தபோது, அதிலிருந்த செயற்கைக் கற்கள் மகனின் நண்பர் மூலமாக மடிப்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தன. பல வருடம் கடல்நீரில் கிடந்து, பாசியும் பஞ்சும் ஏறி, அசல் பாறை போலவே ஆகிவிட்ட கற்கள்.

செயற்கைக் கல் என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்தார்கள். இன்று அது குற்றம். 2001-ம் ஆண்டு பாறை கட்டும் பவளங்களையும், கடல் அட்டை, கடல் குதிரை போன்றவற்றையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். ‘ராமேஸ்வரத்துக் கல்லு சார், ஒரிஜினல்’ என்று யாராவது விற்க வந்தால் வாங்குகிறவரும் மாட்டிக்கொள்வார்.

கற்கள் வந்த மூன்றாம் நாள் தொட்டிக் கண்ணாடியில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள் ஓடின. அம்மா பயந்துபோய்த் துணியால் துடைத்துவிட்டு, படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். “ம்மா, அது கோபிபாட். மீனுக்குச் சாப்பாடும்மா. துடைக்காதே” என்று பதில் வந்தது.

அன்றைக்குத்தான் அந்த நோட்டு தொடங்கியது. அலுவலகத்தில் பதிவேடு போட்டுப் பழகிய கை. கோடு போட்டு நான்கு பத்தி பிரித்தார்: தேதி, நேரம், எங்கே பார்த்தது, என்ன செய்துகொண்டிருந்தது. பெயர் பத்தி இல்லை. பெயர் தெரியாதே! அதனால் அவரே பெயர் வைத்துக்கொண்டார். கல் இடுக்கில் இருந்து ஐந்து மெல்லிய கையை நீட்டித் துழாவும் சின்ன உடைநட்சத்திரத்துக்கு ‘துழாவி’. குழாய்க்குள் இருந்து விசிறி போல விரிந்து, நிழல் பட்டவுடன் சடக்கென்று உள்ளே போய்விடும் குழாய்ப்புழுவுக்கு ‘விசிறிக்காரி’. இருவரும் நல்லவர்கள். ஒருவர் மிச்சம் மீதியைத் தின்பார், மற்றவர் தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடுவார்.

இந்த நோட்டு வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் இந்த உயிர்களை அடையாளம் காண இதைவிட நல்ல வழி கிடையாது. படத்தைப் பார்த்துப் பெயர் சொல்வதில் தப்பு வரலாம். எந்த நேரத்தில் வருகிறது, எதைத் தின்கிறது, தொந்தரவு செய்தால் எப்படி ஒளிகிறது என்று நடத்தையைப் பார்த்துச் சொன்னால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

பிரிஸ்டில் வோர்ம் என்கிற முடிப்புழு விஷயத்தில் இது உதவியது. ரோஸ் நிறத்தில், பக்கவாட்டில் கம்பளிப்பூச்சி போல முடியோடு, ராத்திரி கல்லில் இருந்து பாதி உடம்பை நீட்டி மேயும். பார்த்தவுடன் அருவருப்புதான். பலர் அதைக் கண்டவுடன் கல்லையே தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அம்மாவின் நோட்டில் ஆறு நாள் குறிப்பும் ஒரே மாதிரி இருந்தது: ‘கீழே விழுந்த இரையைத் தின்றது. மீன் பக்கம் போகவில்லை.’ தோட்டி வேலை பார்க்கும் புழு அது. பவளம் தின்னும் நெருப்புப்புழு வகை வேறு, அது இப்படி வருவது அபூர்வம். வெறும் கையால் தொட்டால் மட்டும் முடி தோலில் ஏறி எரியும். செல்லோ டேப்பை ஒட்டி உரித்தால் முடி வந்துவிடும். இது எப்போதாவது அளவுக்கு மீறிப் பெருகினால், குறைக்க வேண்டியது புழுவை அல்ல, நாம் போடும் தீனியை.

நண்டு விஷயத்தில் ஊருக்கு ஒரு விதி இருக்கிறது. நகக்கண் கறுப்பாகவும் உடம்பெல்லாம் முடியாகவும் இருந்தால் சந்தேகப்படு என்பார்கள். ஓரளவுக்குச் சரி, எல்லா நேரமும் சரியில்லை. பவளத்தின் கிளைகளுக்கு நடுவே வாழும் டிரப்பீசியா என்ற குட்டி நண்டைப் பவளத்தைத் தின்கிறது என்று நினைத்து எடுத்துப் போடுகிறவர்கள் உண்டு. கடலில் அந்த நண்டுதான், பவளத்தை மேய வரும் முள்முடி நட்சத்திர மீனைக் கிள்ளிக் கிள்ளி விரட்டுகிறது!

பிறகுதான் அந்தச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

ராத்திரி விளக்கை அணைத்தபின், ‘டக்’. கொஞ்ச நேரம் கழித்து ‘டக், டக்’. கண்ணாடியில் கல் எறிந்தது போல. அம்மா முதலில் மோட்டார் என்று நினைத்தார். மூன்றாம் நாள் காலை, ஐந்தாக இருந்த க்ரோமிஸ் மீன்கள் நான்காக இருந்தன. அடுத்த வாரம் மூன்று. பாசி மேயும் நத்தையின் ஓடு உடைந்து கிடந்தது.

இப்படிச் சத்தம் போடுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் பிஸ்டல் ஷ்ரிம்ப். ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும், அதைச் சொடுக்கினால் வெடி மாதிரி சத்தம் வரும். பெரும்பாலும் சாது, கோபி என்ற மீனோடு ஒரே வளையில் குடித்தனம் நடத்தும் வகையும் உண்டு. இன்னொருவர் மான்டிஸ் ஷ்ரிம்ப். கும்பிடுபூச்சி போல முன்கையை மடித்து வைத்திருக்கும், காம்பின் மேல் உருளும் கண்கள். கும்பிடுகிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. மயில் மான்டிஸ் ஷ்ரிம்ப் தன் முன்கையை விநாடிக்கு 23 மீட்டர் வேகம் வரைக்கும் வீசுவதை ஆய்வாளர்கள் 2004-ல் அளந்து சொன்னார்கள். மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல்! அதுவும் தண்ணீருக்குள். அந்த வேகத்தில் தண்ணீரில் குமிழி உண்டாகி, அது உடையும்போது இரண்டாவது அடி விழும். நத்தை ஓடு எம்மாத்திரம்?

மகன் ஹாம்பர்க்கில் இருந்து சொன்ன யோசனை சுலபமானது: “எல்லா கல்லையும் வெயில்ல போட்டுடு ம்மா.” அப்படிச் செய்தால் துழாவியும் விசிறிக்காரியும் சாவார்கள், பாக்டீரியா சாகும், அதன்பின் மீனும் சாகும். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு கணக்கில் ஐந்து ரூபாய் இடிக்கிறது என்பதற்காகப் பேரேட்டையே கொளுத்துவார்களா என்று கேட்டார்.

டார்ச்சில் சிவப்பு ஜெலட்டின் பேப்பர் சுற்றி உட்கார்ந்தார். இந்த உயிர்களில் பலவற்றுக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாகத் தெரியாது என்பதால் ஓடி ஒளியாது. தண்ணீர் பாட்டிலின் மேல்பகுதியை அறுத்து, தலைகீழாகச் செருகி, உள்ளே இறால் துண்டு வைத்துப் பொறி செய்தார். மாட்டியவை எல்லாம் முடிப்புழுக்களும் ஓர் அப்பாவி நண்டும்தான். ஆனால் நோட்டு வேலை செய்தது. உடைந்த ஓடு கிடந்த இடங்களை வரிசையாகப் பார்த்தால், எல்லாமே இடமிருந்து மூன்றாவது கல்லின் அடிப்பக்கத்துப் பொந்தைச் சுற்றி இருந்தன. சத்தம் வந்த திசையும் அதுவே.

கொளத்தூர் கடைக்காரப் பையனுக்கு போன் போட்டார். கொளத்தூர் என்றால் வண்ணமீன் வியாபாரத்துக்கே பேர் போன இடமாயிற்றே. “அந்த ஒரு கல்ல மட்டும் வெளிய எடுங்கம்மா. பக்கெட் மேல புடிச்சிக்கினு, ஓட்டைக்குள்ள ப்ளெயின் சோடாவ சிரிஞ்சுல அடிங்க. மூச்சு முட்டி வெளிய வந்துடுவான். கைய மட்டும் குடுத்துடாதீங்க” என்றான். தெருமுனைப் பெட்டிக்கடையில் ஓய்வு பெற்ற அரசு ஊழியர் ராத்திரி ஒன்பது மணிக்கு சோடா மட்டும் தனியாகக் கேட்டதில் கடைக்காரர் கொஞ்சம் குழம்பித்தான் போனார்.

இரண்டாவது சிரிஞ்சில் வெளியே வந்து விழுந்தது. விரல் நீளம்கூட இல்லை. பாசி நிறம். பக்கெட்டின் பிளாஸ்டிக்கில் ‘டக்’ என்று ஓர் அடி.

கொல்வதா, வைத்துக்கொள்வதா? இந்தக் கேள்விக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதில் வைத்திருப்பார்கள். கடலில் கொண்டுபோய் விட்டுவிடலாமே என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். பெசன்ட் நகர் பக்கம்தான், ஆட்டோவில் அரைமணி நேரம். கேட்பதற்குப் புண்ணியமாக இருக்கிறது, ஆனால் அது மட்டும் கூடவே கூடாது. எந்தக் கடலில் இருந்து எதன் வழியாக வந்தது என்று தெரியாத உயிர் அது. 1984-ல் மொனாக்கோவில், கடலியல் அருங்காட்சியகத்துக்குக் கீழே, அக்வேரியத்துக்கு என்று வளர்க்கப்பட்ட காலர்ப்பா டாக்ஸிஃபோலியா என்ற பாசி சுமார் ஒரு சதுர மீட்டர் அளவுக்குக் கடலில் முளைத்திருப்பதைப் பார்த்தார்கள். அது மத்தியதரைக் கடலில் பல நாட்டுக் கரைகளுக்குப் பரவியது.

அம்மா பழைய சின்னத் தொட்டி ஒன்றைக் கழுவி, பெரிய தொட்டியின் தண்ணீரையே ஊற்றி, கொஞ்சம் மணலும் ஒரு பி.வி.சி குழாய்த் துண்டும் போட்டு அதில் விட்டார். நோட்டில் அதற்குத் தனிப்பக்கம். பெயர் ‘ரௌடி’.

இந்தக் கதை இவ்வளவோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால், உண்மையிலேயே பயப்பட வேண்டிய விருந்தாளி ஓடவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. ஒரு கல்லின் மேல் சட்டைப் பொத்தான்களை நெருக்கமாகத் தைத்த மாதிரி பழுப்பு நிறத்தில் அமைதியாகப் பரவிக்கொண்டிருந்தது.

அதற்கு முன்பே ஐப்டேசியா என்ற கண்ணாடி அனிமோன் ஒன்று தொட்டியில் தலைகாட்டியிருந்தது. கிள்ளினால் விழுந்த துண்டெல்லாம் தனித்தனி உயிராக முளைக்கும் ரகம் அது. அதன்மேல் கொதிநீரைச் சிரிஞ்சால் அடிக்கலாம் என்று மகன் எப்போதோ சொன்னது அம்மாவுக்கு நினைவில் இருந்தது. பொத்தான்களுக்கும் அதே வைத்தியம்தானே என்று நினைத்தார். இந்த முறை சிரிஞ்ச் எதற்கு, கல்லையே வேகவைத்துவிடலாம் என்று பழைய அலுமினியக் குண்டானில் தண்ணீரை அடுப்பில் ஏற்றினார். கல் பக்கத்திலேயே தட்டில் இருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது, மழை. தற்செயலாக மகனின் வீடியோ கால் வந்தது. என்ன சமையல் என்று கேட்டவரிடம் கேமராவைத் திருப்பிக் காட்டினார்.

“ம்மா, கேஸை ஆஃப் பண்ணு! முதல்ல ஆஃப் பண்ணு!”

அந்தப் பொத்தான்கள் பாலித்தோவா. கடல் அனிமோனுக்குச் சொந்தம். உடம்புக்குள் மணல் துகள்களைப் பதித்துக்கொள்வதால் தொட்டால் சொரசொரக்கும். அதன் சில வகைகளில் பாலிடாக்ஸின் என்ற நஞ்சு இருக்கிறது, உலகின் மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்று. எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கல்லைக் கொதிக்க வைத்தால், ஆவியோடு சேர்ந்து நஞ்சும் காற்றில் கலந்து மூச்சில் போகும். 2018 மார்ச்சில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஸ்டீவன்டன் என்ற ஊரில், வீட்டுத் தொட்டியின் பவளக் கல்லைச் சுத்தம் செய்யப் போய், அந்த வீட்டைச் சேர்ந்த ஆறு பேரும், உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்கள் நால்வரும் மருத்துவமனைக்குப் போனார்கள். இந்த நஞ்சுக்கென்று தனியாக மாற்று மருந்து கிடையாது.

இந்த நஞ்சைக் கண்டுபிடித்த கதையே அமானுஷ்யத் தொடர் போல இருக்கும். ஹவாயின் மௌய் தீவில் ஹானா என்ற பகுதி. அங்கே ஒரு காலத்தில் மீனவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போக, கூன் விழுந்த ஒருவன்மேல் சந்தேகப்பட்டார்களாம். துணியை விலக்கிப் பார்த்தால் முதுகில் சுறாவின் வாய். அவனைக் கொன்று எரித்துச் சாம்பலைக் கடல் ஓரக் குட்டையில் போட, அதிலிருந்து வளர்ந்த ‘பாசி’ நஞ்சானது என்பது அந்த மக்களின் நம்பிக்கை. அந்தக் குட்டையில் கை வைக்கக் கூடாது என்று தடையும் இருந்தது. 1961 டிசம்பர் 31 அன்று ஹவாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கிருந்து மாதிரி எடுத்தார்கள். அதே நாளில் கோகனட் தீவில் இருந்த அவர்களின் கடல் ஆய்வுக்கூடக் கட்டடம் தீப்பிடித்து எரிந்தது! சாபமோ, தற்செயலோ, வேலை நிற்கவில்லை. 1971-ல் மூர், ஷோயர் என்ற இரு விஞ்ஞானிகள் நஞ்சைப் பிரித்தெடுத்த செய்தியை வெளியிட்டார்கள். பாசி என்று நினைத்தது பாசியே இல்லை, பாலித்தோவா.

மடிப்பாக்கத்தில் அன்று ராத்திரி செய்தது இதுதான். அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்தார்கள். ரப்பர் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டு, கல்லைச் சுரண்டாமல், காயவிடாமல், அப்படியே திரும்பத் தண்ணீருக்குள் வைத்தார்கள். மற்ற கற்களைத் தொடாமல், மணலுக்கு நடுவே தனித்தீவாக. தாண்டிப் போக வழியில்லாவிட்டால் பரவுவது கட்டுக்குள் இருக்கும். கல் வைத்த தட்டு குப்பைக்குப் போனது. வாயில் கசப்போ உலோக ருசியோ, குளிர்க்காய்ச்சலோ, இருமல், மூச்சுத்திணறலோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், போனவுடன் ‘பவளத் தொட்டி’ என்ற வார்த்தையை டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று மகன் மூன்று தடவை சொன்னார். ஒன்றும் வரவில்லை. ஆனாலும் விடியும் வரை அவர் போனை வைக்கவில்லை.

காலையில், “தொட்டியை வித்துடலாம் ம்மா” என்றார்.

“ஒரு கல்லைப் பத்தித் தெரியாம இருந்தேன், இப்ப தெரிஞ்சுடுச்சு. அதுக்கு எதுக்குடா விக்கணும்?” என்று அம்மா கேட்டார். நோட்டில் பாலித்தோவா பக்கத்துக்கு மட்டும் செல்லப்பெயர் கிடையாது. சிவப்பு மையில், பெரிய எழுத்தில் அசல் பெயர். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடமும் அதைக் காட்டி, அந்தக் கல் பக்கம் கை போகக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறார்.

ஐப்பசி மாதத்தில் ரௌடி தன் குழாயின் இரண்டு வாயையும் கூழாங்கல் வைத்து அடைத்துக்கொண்டது. வைத்த இறால் அப்படியே கிடந்தது. நோட்டில் எட்டு நாள் ‘வரவில்லை’ என்றே இருக்கிறது. ஒன்பதாம் நாள் காலை கூழாங்கல் ஒதுங்கி, வாசலில் கண்ணாடி போன்ற வெற்றுக்கூடு ஒன்று கிடந்தது. முன்கை, வால், கண்ணின் மூடி உட்பட முழுசாக. அதன் படத்தை ஹாம்பர்க்குக்கு அனுப்பினார்.

“அய்யோ, செத்துடுச்சா ம்மா?”

“இல்லடா, சட்டை மாத்தியிருக்கு. உள்ள உக்காந்து முழிச்சு முழிச்சுப் பாக்குது. இனிமே இந்தக் குழாய் பத்தாது. ஒரு இன்ச் பைப் வாங்கணும்.”